ஓரெழுத்துப் பதில்

இரவு எட்டே முக்கால் மணி. வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம். பிளஸ் ஒன் படிக்கும் பையன் டியூஷன் முடிந்து வருகிறான். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே உள்ளே போகிறான்.

“டியூஷன் எப்படி இருந்துச்சுப்பா?”

“ம்.”

“கெமிஸ்ட்ரி டெஸ்ட் பேப்பர் குடுத்துட்டாங்களா?”

“ம்ஹூம்.”

“மத்தியானம் சாப்பாட்டை மிச்சம் வைக்காம சாப்பிட்டியா?”

“ம்ம்.”

அறைக் கதவு சாத்திக்கொள்கிறது. அம்மா கூடத்தில் நிற்கிறார். மூன்று கேள்வி கேட்டும் ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை. ஆறாம் வகுப்பில் இதே பிள்ளை பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே கதை சொல்லத் தொடங்கிவிடுவான். யாருக்கு அடி விழுந்தது, எந்த மிஸ் லீவு, யாருடைய டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, எல்லாம் வரும். ‘கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுடா’ என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஐந்து வருடத்தில் அந்தப் பேச்சு எங்கே போயிற்று?

பதின்பருவப் பிள்ளை இருக்கும் வீடுகளில் பெற்றோர் இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று. செல்போன் கெடுத்துவிட்டது. சேர்க்கை சரியில்லை. இரண்டும் இல்லையென்றால், நம் வளர்ப்பில்தான் எங்கோ தப்பு நடந்துவிட்டது. கடந்த நாற்பது ஆண்டுகளாக மூளையையும் குடும்பப் பேச்சையும் ஆராய்ந்தவர்கள் காட்டும் படம் இதைவிட நுட்பமானது, பல இடங்களில் ஆறுதலானதும்கூட. பிள்ளையின் பேச்சு வற்றிப்போகவில்லை. அது வெளியே வரும் வழி மாறியிருக்கிறது. பழைய வாசலிலேயே நின்று நாம் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவின் குரலும் அயலார் குரலும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆப்ராம்ஸ், வினோத் மேனன் ஆகியோரின் குழு 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏழு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, சின்னச் சின்னக் குரல் பதிவுகளைப் போட்டுக்காட்டினார்கள். சில, அந்தப் பிள்ளையின் சொந்த அம்மா பேசியவை. மற்றவை, முன்பின் தெரியாத பெண்கள் பேசியவை. எல்லோரும் சொன்னது அர்த்தமே இல்லாத சொற்களைத்தான். ‘படி’, ‘சாப்பிடு’ போன்ற உண்மையான சொல் வந்தால், மூளை அதன் பொருளுக்கு எதிர்வினை காட்டிவிடும். குரலை மட்டும் பிரித்துப் பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மூளையில், இன்பத்தையும் பரிசையும் உணரும் பகுதிகள் அம்மாவின் குரலுக்கே கூடுதலாகத் துலங்கின. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களிடம் நிலைமை தலைகீழ். அதே பகுதிகள் அறிமுகமில்லாத குரல்களுக்கு அதிகமாகத் துலங்கின. அம்மாவின் குரலை அவர்கள் மறந்துவிடவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறைக்கு மேல் சரியாக அடையாளம் கண்டார்கள்.

இந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. சிறு பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பதின்பருவத்தினரின் மூளை எல்லாக் குரல்களுக்குமே, அம்மாவின் குரல் உட்பட, பல பகுதிகளில் கூடுதலாக இயங்கியது. காது மூடிக்கொள்ளவில்லை, இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் உலகத்தையும் கேட்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அந்நிய ஊரில், அந்நிய மனிதர்களோடு வேலை செய்து, நட்புக் கொண்டு, குடும்பம் நடத்த வேண்டிய உயிர் இந்த வயதில் அயலார் குரலுக்குச் செவி சாய்க்கக் கற்றாக வேண்டும். குஞ்சுக்கு இறகு முளைப்பதைப் பார்த்துத் தாய்ப்பறவை கவலைப்படுவதில்லை. இதுவும் அப்படி ஓர் இறகுதான்.

இதே ஆண்டுகளில் மூளையின் உள்கட்டமைப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. ஜே கீட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து 1999இல் இதைக் காட்டினார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில் சாம்பல்நிறப் பொருள் பூப்புப் பருவத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறைகிறது. தேவையற்ற இணைப்புகள் கழிந்து, தேவையானவை உறுதிப்படுவதன் அடையாளமாக இதைப் பார்க்கிறார்கள். நிதானிப்பது, எடைபோடுவது, சுருக்கென்று வரும் கோபத்தை அடக்குவது ஆகிய வேலைகளைப் பார்க்கும் இந்தப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. உணர்ச்சி வேகமெடுக்கும் வயதில், கடிவாளம் இன்னும் பின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கேட்டுத் தெரிந்ததா, சொல்லித் தெரிந்ததா?

‘என் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று சில பெற்றோர் உறுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அப்படித் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்புதும்புகளில் மாட்டுவது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆகவே கண்காணிப்புதான் மருந்து என்று நிபுணர்களும் நம்பினார்கள். கேள், விசாரி, நேரக் கட்டுப்பாடு வை.

சுவீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் இதில் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். பெற்றோருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. விஷயம் தெரியவருவதற்கு மூன்று வழிகளை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் துருவிக் கேட்பது ஒன்று. ‘எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போ’ என்று கட்டுப்பாடு வைப்பது இரண்டாவது. யாரும் கேட்காமல் பிள்ளையே வந்து சொல்வது மூன்றாவது. பெற்றோர் அறிந்திருந்ததில் பெரும்பங்கு மூன்றாம் வழியில் வந்ததாகவே இருந்தது. துருவலும் கட்டுப்பாடும் தந்தது சொற்பம். தாங்கள் அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தப்படுவதாக உணர்ந்த பிள்ளைகளின் நிலை நன்றாகவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, இனிமேல் எதுவும் கேட்க வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. ஏற்கெனவே மனம் ஒட்டியிருக்கும் பிள்ளைதான் தானாக வந்து சொல்லும் என்பதும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி. பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் நமக்குத் தெரியக் கொடுத்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்துக்குச் சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. ஆகையால் ‘எப்படிக் கேட்டால் பதில் வரும்?’ என்று யோசிப்பதைக் காட்டிலும், ‘எப்படி இருந்தால் என்னிடம் சொல்லத் தோன்றும்?’ என்று யோசிப்பது பலன் தரும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

சாவியை ஏன் தர மறுக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ரோசெஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானா பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். பிள்ளைகள் வீட்டு விஷயங்களைத் தங்களுக்குள் தரம் பிரித்துவைத்திருக்கிறார்கள். பொய் சொல்வது, பிறரைப் புண்படுத்துவது போன்றவற்றில் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள். உயிருக்கு ஆபத்தானவற்றிலும் ஓரளவு ஒப்புக்கொள்கிறார்கள். தலைமுடியை எப்படி வெட்டுவது, எந்தப் பாட்டைக் கேட்பது, யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் தங்கள் சொந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். வயது ஏற ஏற இந்தச் சொந்த வட்டம் பெரிதாகிறது. பெற்றோரின் மனத்தில் அதே வட்டம் அவ்வளவு வேகமாகப் பெரிதாவதில்லை. நம் வீடுகளில் நடக்கும் சண்டைகளை எண்ணிப் பாருங்கள். களவு, பொய் குறித்து நடப்பவை சிலவே. சைடில் மழித்த முடி, மேசைமேல் கிடக்கும் துணி, அரைமணி நேரக் குளியல், இவற்றைப் பற்றியவைதான் மிகுதி. அத்தனையும் அந்த எல்லைக்கோட்டில் நடக்கும் தகராறுகள்.

ஸ்கூட்டரின் பின் சீட்

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது எங்களுக்குள் நின்றுபோனது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாலே அவள் முகம் சுருங்கும். ஏதோ விசாரணை என்று நினைத்துக்கொள்வாள். அந்த வருடம் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு டியூஷனுக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. போகப் பதினைந்து நிமிடம், வரப் பதினைந்து நிமிடம்.

முதல் சில வாரம் மௌனம். பிறகு ஒரு நாள், ரயில்வே கேட் மூடியிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. “அப்பா, நம்ம மேல தப்பே இல்லாதப்ப ஒருத்தங்க நம்மகிட்ட பேசாம இருந்தா என்ன பண்ணணும்?” நான் திரும்பவில்லை. திரும்ப முடியாது, தலையில் ஹெல்மெட். “யாரும்மா?” என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது. நாற்பது பெட்டிக்கு மேல் இருக்கும், கடந்து முடிக்கும்வரை ஒன்றும் பேச வழியில்லை. கேட் திறந்ததும், “அது ரொம்பக் கஷ்டமா இருக்குமே” என்று மட்டும் சொன்னேன். டியூஷன் வாசல் வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். உயிர்த்தோழி ஒருத்தி எட்டு நாளாகப் பேசவில்லை. எட்டு நாளாக அவள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த எட்டு நாளும் நான் கூடத்தில் அவளிடம் கேட்டது, டெஸ்டில் எத்தனை மார்க் என்று.

அந்தச் சரக்கு ரயில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பிறகு பல பெற்றோரும் ஆசிரியர்களும் தங்கள் அனுபவமாகச் சொல்லக் கேட்டேன். முகத்துக்கு முகம் பார்க்காமல், இருவர் பார்வையும் வேறெங்கோ இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதாக வருகிறது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, மொட்டைமாடியில் நடக்கும்போது, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும்போது. கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்கு வேறு இடம் இருக்கிறது. பேச்சு நடுவில் நின்றாலும் யாருக்கும் சங்கடமில்லை.

இடத்தைப் போல ஆளின் எண்ணிக்கையும் முக்கியம். அமெரிக்காவில் ரீட் லார்சனும் அவருடைய குழுவினரும் 10 முதல் 18 வயதுவரையிலான 220 பிள்ளைகளிடம் பேஜர் கொடுத்தார்கள். அது எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கும். அந்த நொடியில் எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் குறித்துவைக்க வேண்டும். 1996இல் வெளியான முடிவு இது. பத்து வயதில், விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதம் குடும்பத்தோடு கழிந்தது. பதினெட்டு வயதில் அது 14 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் அம்மாவோடு தனியாக, அப்பாவோடு தனியாக இருந்த நேரமும், பேச்சில் செலவான நேரமும் குறையவில்லை. மனிதர்களைப் பற்றிய, உறவுகளைப் பற்றிய பேச்சு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், கூடியிருந்தது. குடும்பமாகச் சேர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்துதான் பிள்ளை விலகுகிறது. தனித்தனி மனிதர்களாக நம்மை விட்டுப்போவதில்லை.

இதே லார்சன், சுமன் வர்மா என்ற இந்திய ஆய்வாளரோடு சேர்ந்து சண்டிகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாள்களையும் ஆராய்ந்தார். அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்ட அந்த விலகலை அங்கே காணவில்லை. நம் நடுத்தரக் குடும்பங்களில் பிள்ளை வீட்டிலேயே, நம் கண்முன்னே அதிக நேரம் இருக்கிறது. இது பெரிய பேறு. ஆனால் தாத்தா, பாட்டி, தம்பி, டிவி என்று எல்லோரும் இருக்கும் கூடத்தில் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது. ஒருவரோடு ஒருவராக இருக்கும் பத்து நிமிடத்தை நாம் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும்.

இடத்தையும் ஆளையும் போல நேரமும் முக்கியம். பூப்புப் பருவத்தில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டு ஆய்வில் காட்டிய உண்மை இது. உறக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் முன்பைவிடத் தாமதமாக ஏறத் தொடங்குகிறது. தூக்க நேரம் இரண்டு மணி நேரம்வரைகூடத் தள்ளிப்போகலாம். இதை மனத்தில் வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு, எட்டரை மணிக்கு முன்னால் பள்ளி தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. நாமோ காலை ஐந்தரைக்கு எழுப்பி, பல் துலக்கும்போதே அறிவுரையைத் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் வரும் ‘ம்’ அலட்சியத்தால் வருவதாக நினைக்க வேண்டாம். அது பாதித் தூக்கம். இரவு பத்தரைக்கு, நமக்குக் கண் சொருகும் நேரத்தில், அடுக்களை வாசலில் வந்து சாய்ந்துகொண்டு, “அம்மா, இன்னொரு தோசை இருக்கா?” என்று கேட்கும் பிள்ளைக்குப் பசி மட்டும் இருப்பதில்லை.

தொனி என்ன செய்கிறது

“போய்ப் படி.” இந்த இரண்டு வார்த்தையைப் பாசமாகவும் சொல்லலாம், சாட்டையாகவும் சொல்லலாம். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெட்டா வைன்ஸ்டைனின் குழு 14, 15 வயதினர் ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்தது. அம்மாக்கள் பேசிப் பதிவுசெய்த ஒரே வாக்கியங்கள், மூன்று தொனிகள். அழுத்தம் தரும் தொனி, அரவணைக்கும் தொனி, சாதாரணத் தொனி. அழுத்தும் தொனியைக் கேட்ட பிள்ளைகளுக்கு மனம் கசந்தது, பேசியவரிடம் நெருக்கம் குறைந்தது. வாக்கியம் மாறவே இல்லை, குரல் மட்டும்தான் மாறியது.

குறை சொல்லும் குரல் மூளைக்குள் என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். சராசரியாகப் பதினான்கு வயதுள்ள 32 பேரிடம், அவரவர் அம்மா குறைபட்டுப் பேசும் அரை நிமிடப் பதிவைப் போட்டு ஸ்கேன் செய்தார்கள். உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் விழித்தன. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும், எதிரே இருப்பவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ள உதவும் பகுதிகளும் அடங்கின. நாம் அக்கறையில்தான் திட்டுகிறோம். அந்த அக்கறையைப் புரிந்துகொள்ளும் கருவியே அந்த நேரத்தில் சுணங்கிவிடுகிறது. ‘உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்’ என்பது காதில் விழுகிறது, உள்ளே இறங்குவதில்லை.

இதே வைன்ஸ்டைன் 2021இல் மற்றொரு ஆய்வில் 13 முதல் 16 வயதுள்ள ஆயிரம் பேருக்கு வீடியோ காட்சிகளைக் காட்டினார். பிள்ளை ஒன்று தன் சங்கடத்தைச் சொல்கிறது, பெற்றோர் கேட்கிறார். ஒரு காட்சியில் அவர் முழுக் கவனத்தோடு கேட்கிறார், இன்னொன்றில் கவனம் அங்குமிங்கும் போகிறது. நன்றாகக் கேட்கும் பெற்றோரைப் பார்த்த பிள்ளைகள், அந்த இடத்தில் தாங்கள் இருந்தால் மனம் லேசாகியிருக்கும், அடுத்த முறையும் வந்து சொல்லியிருப்போம் என்றார்கள். நண்பர்களால் புண்பட்டதைச் சொன்னபோது மட்டுமில்லை, தானே தப்பு செய்துவிட்டதை ஒப்புக்கொண்டபோதும் அப்படித்தான். தப்பைக் கேட்கும்போதும் முழுதாகக் கேட்டுவிட்டால், கண்டிப்புக்குப் பிறகும் வாசல் திறந்திருக்கும்.

முதல் வார்த்தை

எப்படித் தொடங்குவது? நான் கண்டவரையில் நன்றாக வேலை செய்வது, நம் கதையை முதலில் சொல்வது. ‘உன் வயசுல நாங்க எல்லாம் பத்து கிலோமீட்டர் நடந்து...’ என்ற கதை இதில் சேராது. அதன் முடிவில் பாடம் இருக்கிறது என்று பிள்ளைக்கு முதல் வரியிலேயே தெரியும். இன்றைய கதையைச் சொல்லுங்கள், முடியாத கதையாக இருக்கட்டும். “இன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டார். என்ன சொல்றதுன்னே தெரியல, சும்மா நின்னுட்டேன்.” இதில் அறிவுரை இல்லை. பதில் எதிர்பார்ப்பும் இல்லை. அன்றைக்கே பதில் வராமலும் போகலாம். ஆனால் இந்த வீட்டில் பெரியவர்களுக்கும் தடுமாற்றம் வரும், அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்று நம் முன்னோர் சொன்னதை, கண்டிப்பைத் தளர்த்தச் சொன்னதாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். தோழன் தன் கதையையும் சொல்வான். அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

அடுத்தது, நமக்குத் தெரியாததைக் கேட்பது. ‘மார்க் எத்தனை?’ என்ற கேள்விக்கு விடை ஒரு எண், அதன் பிறகு தீர்ப்பு. “அந்த கேம்ல நாலு பேரும் ஒரே டீமா? யார் என்ன செய்யணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்ற கேள்விக்கு விடை ஒரு விளக்கம். அங்கே பிள்ளைதான் ஆசிரியர். உண்மையான ஆர்வத்தோடு கேட்க வேண்டும். நடிப்பை இந்த வயது நொடியில் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, உணர்வுக்குப் பெயர் வைப்பது. கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மேன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையின் அபாயமணியான அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. ஆனால் நம் பாட்டிமார்கள் ‘மனசு விட்டுச் சொல்லு, பாரம் குறையும்’ என்றதன் ஒரு பகுதி இது. “அவமானமா இருந்துச்சா?” என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். பெயர் தவறாக இருந்தால், “இல்லப்பா, கோவம்தான்” என்று அவர்களே திருத்துவார்கள். திருத்துவதும் பேச்சுதான்.

பேச்சு வந்த பிறகு அதைக் கெடுக்கும் வாக்கியங்களும் உண்டு. “நான் அப்பவே சொன்னேன்ல.” “இதுக்கெல்லாமா அழுவாங்க?” “அதை விடு, முதல்ல படிப்பைப் பாரு.” இவற்றுக்குப் பதிலாக, “நான் சும்மா கேட்டுக்கட்டுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான நேரம் அவர்களுக்கு வேண்டியது முதலாவதுதான்.

இவை எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களில் அதிகம் கெடுப்பது ஒன்று உண்டு. பிள்ளை தனியாகச் சொன்னதை, அன்று இரவே போனில் பெரியம்மாவிடம், அத்தையிடம் சொல்லிவிடுவது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, கவலையைப் பகிர்ந்துகொள்வதாக நினைத்துத்தான் செய்கிறோம். அடுத்த விசேஷத்தில் அத்தை கன்னத்தைக் கிள்ளி, “என்னடி, ஸ்கூல்ல யாரோ லெட்டர் குடுத்தானாமே?” என்பார். அந்த நொடியில் அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறதே, அதைச் சரிசெய்ய வருடக்கணக்காகும். அப்படி நடந்திருந்தால், “நீ நம்பிச் சொன்னதை நான் வெளியே சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ” என்று சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் எந்தப் பெற்றோருக்கும் மதிப்புக் குறைந்ததில்லை.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

இதுவரை கேள்வியைக் குறையுங்கள் என்று சொன்ன நான், ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லி வற்புறுத்துகிறேன். பிள்ளை பல நாளாகச் சாப்பாட்டை வெறுத்து, தூக்கம் கெட்டு, நண்பர்களை ஒதுக்கி, பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்து, ‘நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்ற பாணியில் பேசினால், நேராகக் கேளுங்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணா?”

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். நியூயார்க் மாநிலத்தில் மேடலின் கௌல்டும் அவருடைய குழுவினரும் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் இந்தப் பயத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் குறித்துக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனத்துயரமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களில், கேட்கப்பட்டவர்களின் துயரம் ஒப்பீட்டளவில் குறைவாகவே இருந்தது. கேள்வி விதைப்பதில்லை. தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கொடுக்கிறது.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அதிர வேண்டாம், திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தவறில்லை.

இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்கும் உரிமை, சின்னப் பேச்சுகளில்தான் நமக்குக் கிடைக்கிறது. தோழி பேசவில்லை என்பதைக் காதுகொடுத்துக் கேட்டவரிடம்தான், வாழப் பிடிக்கவில்லை என்பதையும் பிள்ளை சொல்லும்.

ஆகவே பெற்றோரே, இன்று இரவு பத்தரைக்குப் பிள்ளை அடுக்களை வாசலில் வந்து நின்றால், நேரமாகிவிட்டது போய்ப் படு என்று சொல்லாதீர்கள். கல்லில் மாவை ஊற்றுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர்கள் சொல்லட்டும்.